புகை வந்த போர்கள்: திருச்செங்கோட்டிலிருந்து பென்னாகரம் வரை

திங்கள் இரவு, திருச்செங்கோடு

ஆய்வுக்காகக் கொங்குப் பக்கமும் தர்மபுரியும் சுற்றப் போகிறேன், அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, ஆரம்பித்துவிட்டேன். ஆழ்துளைக் கிணறு (பேச்சு வழக்கில் 'போர்') போட்ட குடும்பங்கள் அதனால் நன்றாக இருக்கின்றனவா, இதுதான் தலைப்பு. "இதுக்கு எதுக்கு முனைவர் பட்டம், தண்ணி வந்தா நல்லா இருப்பாங்க, வரலேன்னா இருக்க மாட்டாங்க" என்று வீட்டில் சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் கும்பகோணத்துப் பக்கம். எங்கள் ஊரில் நாலு பேர் நின்று கையாலேயே குழாயைச் சுற்றிச் சுற்றி இறக்கி, நல்ல மணலாகப் பார்த்து ஃபில்டரை நிறுத்தி, மோட்டாரை மாட்டிவிடுவார்கள். தண்ணீர் வருமா என்று யாரும் கை கூப்பிக்கொண்டு நிற்பதில்லை. காவிரி கொண்டுவந்து கொட்டிய மணல் அது. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு நிலத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, அடியில் கெட்டிப் பாறை. பாறைக்குள் தண்ணீர் இருக்க இரண்டே இடங்கள்தான்: மேலே உக்கிப்போன பகுதி, அதற்குக் கீழே அங்கங்கே ஓடும் வெடிப்புகள். வெடிப்பில் பட்டால் தண்ணீர், ஓரடி தள்ளிப் போட்டால் வெறும் பாறைத் தூள், அதாவது புகை. கீழே போகப் போக வெடிப்புகளும் குறைந்துகொண்டே போகும்.

இங்கிருந்து ஆரம்பிக்கக் காரணம் வண்டிகள். இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வந்து நிற்கும் வண்டி திருச்செங்கோட்டு வண்டியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து போயிருக்கின்றன. ஊருக்குள் வரும்போதே தெரிகிறது, ரோட்டோரம் பூராவும் லாரிமேல் டவர் படுத்துக் கிடக்கிறது, பக்கத்திலேயே ஹேமர், பிட், ஹோஸ் விற்கும் கடைகள், வெல்டிங் பட்டறைகள். மலைமேல் அர்த்தநாரீசுவரர். புது வண்டி எடுத்தால் முதல் பூஜை அவருக்குத்தான் என்றார்கள்.

ஒரு பட்டறையில் முப்பது வருடம் டிரில்லராக இருந்து ஓய்ந்தவர் பேசினார். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் எல்லாம் பார்த்தவர், இந்தி என்னைவிட நன்றாகப் பேசுகிறார். "தண்ணி வர்றதும் வராததும் எங்க கையில இல்லீங்க அம்மிணி. அடிக்கு இவ்வளவுன்னு கூலி. வந்தாலும் அதேதான், வராட்டியும் அதேதான்." அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் சில நூறு அடிக்கு ஒரு ரேட், அப்புறம் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும். ஆழம் போகப் போகத் தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது, அடிக்கூலி கூடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்துக்கொண்டே தூங்கப் போகிறேன்.

இருமிக்கொண்டேதான் பேசினார் என்பதையும் எழுதி வைக்கிறேன். ராடு வழியாக அழுத்தமான காற்று இறங்கி, நுனியில் இருக்கும் ஹேமரை அடிக்கும். உடைந்த பாறைத் தூளை அதே காற்று மேலே தள்ளும். தண்ணீர் படாதவரை அது வெள்ளை மண்டலம்தான், அதைத்தான் புகை என்கிறார்கள். பாறைத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்புக்கு என்ன கட்டுவீர்கள் என்றேன். தோளில் கிடந்த துண்டைக் காட்டினார்.

செவ்வாய், விடிந்தால் புதன், பல்லடம் பக்கம் ஒரு தோட்டம்

மணி மூன்றரை. காதில் இன்னும் கம்ப்ரசர் ஓடுகிறது. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

இந்தத் தோட்டத்தில் ராத்திரி போர் போடுகிறார்கள் என்று தெரிந்த ஒருவர் மூலமாகத் தகவல் வந்தது. சாயங்காலமே போய்விட்டேன். தோட்டத்துக்கார அண்ணன், அண்ணி, அண்ணனின் ஆத்தா, கல்லூரியில் படிக்கும் பையன். நாலு ஏக்கர். தென்னைதான் முக்கியம், கொஞ்சம் தீவனச் சோளம், இரண்டு மாடு. ஏற்கெனவே மூன்று போர். ஒன்று பத்து வருடம் ஓடி நின்றுபோனது, இரண்டு ஆரம்பத்திலேயே புகை. 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, அடுத்த கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு ஊற்றியதையும், அப்படியும் மூன்றில் ஒரு பங்கு மரம் கொண்டை சாய்ந்ததையும் ஆத்தா சொன்னார்.

இடம் பார்த்த கதை தனி. முதலில் ஜியாலஜிஸ்ட் வந்து நாலு கம்பியை ஊன்றி மின்சாரம் விட்டுப் பார்த்து ஒரு இடம் சொன்னாராம். அடுத்து உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்ப்பவர் வந்து வேறு இடம் சொன்னாராம், தேங்காய் எழுந்து நின்றதாம். கடைசியில் வாஸ்துவுக்குச் சனிமூலை என்று இரண்டுக்கும் நடுவே ஒரு இடம். நான் ஏதாவது சொல்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. மின்தடை அளவை இருநூறு அடிவரை ஏதோ சொல்லும், ஆயிரம் அடியில் விரல் தண்டி இருக்கும் வெடிப்பைப் பற்றி அதனிடம் உறுதியாகக் கேட்க முடியாது. அந்த ஆழத்துக்குப் போனபின் தேங்காய்க்காரருக்கும் எங்கள் துறைக்கும் பெரிய இடைவெளி இல்லை என்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

ஏழு மணிக்கு இரண்டு லாரி வந்தது. ஒன்றில் துளை போடும் ரிக், இன்னொன்றில் ராடுகள், கூடவே பையன்களின் சட்டி பானை, பாய். பையன்களில் பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள். எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய். அண்ணி தன் கையால் முதல் பிடி மண்ணை எடுத்துப் போட்டார். அப்புறம் சத்தம். கேசிங் குழாய் இறக்கும்வரை செம்மண், பிறகு சாம்பல் நிறப் புகை, ஒவ்வொரு இருபதடி ராடு மாட்டும்போதும் ஒரு நிமிட அமைதி, மறுபடி சத்தம். மேனேஜர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அண்ணனும் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தனியாகக் கோடு போட்டுக்கொண்டார், கணக்கு தப்பக்கூடாது என்று.

முந்நூறு அடியில் தூள் கொஞ்சம் ஈரமானது. எல்லோரும் எழுந்து நின்றோம். நாலு ராடு தாண்டியதும் மறுபடி உலர்ந்த புகை. ஐந்நூறு. அறுநூறு. எண்ணூறு அடியில் பெரிய மாமா, அண்ணியின் அண்ணன், "போதும் மாப்பிள்ளை, நிறுத்திக்கலாம்" என்றார். ஏஜென்ட் ரொம்ப மெதுவான குரலில், "பக்கத்துத் தோட்டத்துல தொள்ளாயிரத்து இருபதுலதானுங்க வெட்டுச்சு, இன்னும் நூறடி பார்த்துரலாமுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் வந்ததாம். ஆனால் அந்த நேரத்தில் அந்த வார்த்தைக்கு இருக்கும் பலம் சாதாரணமானதல்ல. இதுவரை இறங்கிய எண்ணூறு அடிக்கான பணம் போனது போனதுதான், நிறுத்தினால் அது முழுக்க வீண், இன்னும் நூறடி போனால் ஒருவேளை எல்லாமே திரும்பி வரலாம். இந்த இடத்தில் நிறுத்தச் சொல்பவன் கெட்டவனாகிவிடுகிறான். மாமா தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது, தாலிக்கொடி கூட்டுறவு சொசைட்டியில் அடகில் இருக்கிறது என்று பிறகு அவரே சொன்னார்.

தொள்ளாயிரத்து நாற்பதில் தண்ணீர் வந்தது, அரை இஞ்சு. இங்கே தண்ணீரை இஞ்சில்தான் சொல்வார்கள். இரண்டு இஞ்சு என்றால் கொண்டாட்டம், ஒரு இஞ்சு என்றால் பிழைத்துக்கொள்ளலாம். அரை இஞ்சு கூடுமா என்று ஆயிரத்து ஐம்பதுவரை போய்ப் பார்த்தார்கள், கூடவில்லை. பையன் சேற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்குதும்மா, உப்பு இல்ல" என்றான். ஆத்தா அந்த நேரத்திலும் எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சோறு போட்டார், வண்டிப் பையன்களுக்கும் சேர்த்து. நெய் விட்டு.

இது வென்ற போரா தோற்ற போரா? என் படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

புதன், அதே பக்கம், மாலை அவிநாசி

மதியம்வரை தூங்கினேன். அப்புறம் பேட்டிகள்.

வாழ்க்கை நிலையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு கேள்வி உண்டு. ஒரு ஏணியைக் கற்பனை செய்யுங்கள், கீழே பூஜ்யம், மேலே பத்து, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இதைத் தோட்டத்தில் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், இரண்டாவது எந்த ஏணி என்பார்கள், மூன்றாவதாகக் கடனைச் சொல்வார்கள். பொறுமையாக உட்கார்ந்தால் படியும் சொல்வார்கள்.

இரண்டு பேட்டிகளை மட்டும் எழுதுகிறேன். ஒருவருக்கு இரண்டு இஞ்சுத் தண்ணீர், சுற்று வட்டாரத்திலேயே நல்ல போர் என்று பெயர், சொட்டுநீர் போட்டு வாழையும் காய்கறியும் வைத்திருக்கிறார். நாலாவது படி என்றார். ஏனுங்க இப்படி என்றால், "மேக்க ஒருத்தரு ஆயிரத்தி முந்நூறு போட்டிருக்கறாருங்க. அவரு மோட்டார் போட்டா எனக்கு இங்க குறையுது. எப்ப நிக்கும்னு தெரியாது" என்றார். இன்னொருவர் ஒரு அக்கா, வீட்டுக்காரர் இல்லை, மூன்று போரும் புகை, விவசாயத்தை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை போட்டிருக்கிறார். இந்தப் பக்கம் கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் கூலி. கோழி குடிக்க மட்டும் தண்ணீர் போதும், அதை வாங்கிக்கொள்கிறார். ஏழாவது படி என்றார் உடனே. "இனி போர் போட மாட்டேன்னு முடிவு பண்ணுன அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன் கண்ணு."

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் சித்தப்பாவின் ஒருவரிக் கோட்பாடு இங்கே அடிவாங்குகிறது. தண்ணீர் இருப்பவர் பயத்தில் இருக்கிறார், இல்லாதவர் ஆட்டத்தை விட்டு வெளியே வந்ததால் நிம்மதியாக இருக்கிறார்.

பல தோட்டங்களில் பழைய பெரிய கிணறு அப்படியே இருக்கிறது, கல்கட்டோடு. மாடு கட்டிச் சாலில் கவலை இறைத்த காலத்தது. இப்போது அதற்கு வேலை என்னவென்றால், போர்த் தண்ணீரை இரவெல்லாம் அதில் விட்டு நிரப்பி, காலையில் அங்கிருந்து இறைப்பது. அரை இஞ்சு, முக்கால் இஞ்சுப் போருக்கு கம்ப்ரசர் மாட்டிக் காற்றடித்துத் தண்ணீரை ஏற்றுகிறார்கள், அதன் 'புஸ் புஸ்' சத்தம்தான் ஊர் முழுக்க. கிணறு வற்றியபோது முதலில் கிணற்றுக்குள்ளே பக்கவாட்டில் சைடு போர் போட்டார்கள், பிறகு கிணற்றின் அடியில் போர், பிறகு வெளியே வந்து ஆயிரம் அடி. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை இதில் இறங்கியிருக்கிறது.

எல்லாம் இலவச மின்சாரத்தால் வந்தது என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வரும் வழியில் பெருமாநல்லூர் நினைவிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தேன். மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-ல் நடந்த போராட்டத்தில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் இறந்த இடம். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களை இங்கே வயதானவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்கள். கட்டணமில்லா மின்சாரம் ஆழத்துக்குப் போகும் போட்டியைத் தூண்டியது உண்மைதான், அதே மின்சாரம் இல்லையென்றால் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர்க்காரன்தான் முதலில் விழுந்திருப்பான் என்பதும் உண்மைதான். நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. நடைமுறைக்கு வராமலே இருந்து 2013-ல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். ஆகப் பக்கத்துத் தோட்டத்து ஆயிரத்து முந்நூறு அடியைப் பற்றிப் புகார் கொடுக்க இரண்டு இஞ்சுக்காரருக்கு இடம் கிடையாது.

அவிநாசிப் பக்கம் ஒரு குளத்தில் தண்ணீர் பார்த்தேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், ஆகஸ்ட் 2024-ல் தொடங்கியது, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் பவானித் தண்ணீர் 1.5 டி.எம்.சி.யைக் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். அறுபது வருடக் கோரிக்கை. குளத்தோரத் தோட்டத்துக்காரர் ஒருவர் தன் பழைய கிணற்றில் ஊற்று எடுத்திருக்கிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மேலே உக்கிய பாறையில் தண்ணீர் நின்றால் அதுதான் பெரிய விஷயம், ஆயிரம் அடி ஆழத்துக்கு அது எவ்வளவு இறங்கும் என்பது வேறு. ஆனால் அவர் சந்தோஷத்தில் நான் குறுக்கே பேசவில்லை.

வியாழன், பஸ்ஸில்

ஈரோடு, சேலம், தொப்பூர் கணவாய். வெயில். எழுத அதிகம் இல்லை.

ஒன்றே ஒன்று. நேற்றுப் பார்த்த புகை போர்களில் ஒன்றின் வாயை உரச் சாக்கால் கட்டி மேலே ஒரு கல்லை வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது அவர்கள் வீட்டு நிலத்திலேயே இருந்த கைவிட்ட போரில்தான். நாலு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. கைவிட்ட போரை அடிவரை நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே கடனில் தோற்ற குழியை நிரப்ப மறுபடி யார் செலவு செய்வார்கள்? மூடி போட ஆகும் செலவையும் வண்டிக்காரர் கூலியிலேயே சேர்த்து வாங்கி, அவரே மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம்.

வெள்ளி, பென்னாகரம்

இங்கே கதை தலைகீழ். தண்ணீர் வராததல்ல, வந்ததுதான் பிரச்சினை.

ஒகேனக்கல் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான், காவிரி அங்கே அப்படி விழுகிறது. இந்தப் பக்கம் கிராமங்களில் பல வருடம் குடித்தது போர்த் தண்ணீரை. பாறையில் இருக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் சோடியம் பைகார்பனேட் கூடுதலாகவும் இருக்கும் தண்ணீரில் இன்னும் நன்றாகவே கரையும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லையென்றால் ஒன்றரைவரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியிலும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

ஒரு ஊரின் நடுவில் கைப்பம்பு. இந்தியா மார்க் வகை. எழுபதுகளில் யுனிசெஃப் உதவியோடு மார்க் டூ உருவாகி நாடு முழுக்கப் போனது. அதை ஊர்க்காரர்களே பழுது பார்க்கும்படி மாற்றிய மார்க் த்ரீக்கான சோதனை எண்பதுகளில் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் நடந்தது. கிணற்றுத் தண்ணீரால் காலரா, வயிற்றுப்போக்கு வருகிறது, போர்த் தண்ணீர் சுத்தமானது என்று சொல்லித்தான் அவற்றை வைத்தார்கள். கிருமியைப் பொறுத்தவரை அது சரியான பேச்சு. குழந்தைகள் பிழைத்தன. அதே குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழுந்தது. எட்டு வயதுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீர்தான் அந்தக் கோடு, பிறகு எந்தப் பேஸ்ட்டாலும் போகாது.

கொண்டுபோன கருவியில் கைப்பம்புத் தண்ணீரைச் சோதித்தேன். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறினால் ஃபுளோரைடு அதிகம். நல்ல மஞ்சள். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள், நிறம் மாறியதற்காக.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல், ஜப்பான் கடனுதவி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் நோய்) தணிப்பு என்று இருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கைதட்டியவர்களில் இருந்தார்கள், பல் வெள்ளையாகவே இருந்தது பெரும்பாலானவர்களுக்கு. ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள், வித்தியாசம் சட்டென்று தெரிகிறது. ஆனால் "நல்லதண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும், சில வாரம் வராது, அப்ப சமைக்க இதைத்தாம்மா எடுக்கறோம்" என்று அதே அம்மா கைப்பம்பைக் காட்டினார். பாட்டிக்கு முதுகு நிமிராது, முட்டி மடங்காது. ஃபுளோரைடால் எலும்பிலும் இப்படி ஆகும், வயதாலும் ஆகும், எது என்று பார்த்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் பெண்ணின் பல்லைப் பார்க்க வேண்டியதில்லை, ஊர்ப் பெயரைக் கேட்டாலே போதும் என்று பாட்டி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும்தான்.

சாப்பிடக் களியும் கீரையும் கொடுத்தார்கள். களி பிடிக்காது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவள் இரண்டு உருண்டை சாப்பிட்டேன். எந்தத் தண்ணீரில் கிண்டினார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

சனி, தர்மபுரி பஸ் ஸ்டாண்டு

வழிகாட்டிப் பேராசிரியருடன் அரை மணி நேரம் போன். பேட்டிக்கு எனக்குக் கொடுத்திருக்கும் பட்டியல் விவசாய மின் இணைப்புகளிலிருந்து எடுத்தது. மோட்டார் இல்லாத போருக்கு இணைப்பு கிடையாது, இணைப்பு இல்லாதது பட்டியலில் வராது. அப்படியென்றால் மூன்று போரும் புகையான கோழிப்பண்ணை அக்கா என் ஆய்வில் இருக்கவே முடியாது. செவ்வாய் ராத்திரி அண்ணன் வீடு இருக்கும், அதுவும் பழைய இணைப்பு இருப்பதால், அந்த அரை இஞ்சுக்காக. இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினால், போர் போட்டவர்கள் போடாதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று அழகாக முடிவு வரும். தோற்றவர்களை வெளியே விட்டுவிட்டு ஜெயித்தவர்களை எண்ணினால் சூதாட்டம்கூட நல்ல தொழில்தான்.

சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மாதிரி மாறினால் புள்ளியியல் எல்லாம் மாறும், கமிட்டியில் கேட்பார்கள் என்றார். கடைசியில், ஒவ்வொரு ஊரிலும் பட்டியலுக்கு வெளியே வீடு வீடாக ஒரு தெருவை எடுத்து, இதுவரை போட்ட எல்லாப் போரையும், வருடம், ஆழம், வந்தது வராதது, யாருடைய நகை, கடன் முடிந்ததா என்பதோடு எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார். தண்ணீரைச் சோதித்த அளவையும் சேர்க்கச் சொன்னார். வேலை இரண்டு மடங்கு.

சேலம் பஸ் வந்துவிட்டது. பல்லடம் அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன், கம்ப்ரசர் மாட்டிவிட்டார்களாம், தென்னைக்கு முறை வைத்துப் பாய்க்கிறார்களாம். அண்ணி தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்: அடுத்த முறை வரும்போது பகலில் வா, ராத்திரியில் ஒன்றும் சரியாகப் பேச முடியவில்லை, உன் ஏணிக் கேள்வியை என்னிடம் நீ கேட்கவே இல்லையே என்று.